நிலாவுக்குப் போய்த் திரும்புவது எப்படி?

முதலில் கொஞ்சம் கடன் வாங்குங்கள். திருப்பித் தர முடியாத அளவுக்கு வாங்கினால் இன்னும் நல்லது.

நிலாவுக்குப் போகப் பணம் சேர்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தத் துறையின் பழைய நூல்களைப் புரட்டாதவர்கள். எட்கர் ஆலன் போ 1835இல் எழுதிய கதையின் நாயகன் ஹான்ஸ் ஃபால், ராட்டர்டாம் நகரில் துருத்தி பழுதுபார்ப்பவன். ஊர் ஜனங்களுக்கு அரசியல் பைத்தியம் பிடித்தது. வீட்டுக்கு வீடு செய்தித்தாள் வந்தது. அடுப்பு மங்கினால் அதையே மடித்து விசிறிக்கொண்டார்கள். துருத்தியை யார் தேடுவார்? தொழில் படுத்துவிட்டது. கடன்காரர்கள் மூன்று பேர் வாசலிலேயே குடியிருந்தார்கள். ஹான்ஸ் பலூன் கட்டினான்.

எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘நிலவில் முதல் மனிதர்கள்’ (1901) நாவலின் பெட்ஃபர்டுக்கும் அதே கதிதான். வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு, நாடகம் எழுதியாவது கடனை அடைக்கலாம் என்று கென்ட் மாவட்டத்தின் லிம் கிராமத்தில் வந்து ஒளிந்திருந்தவர். 1638இல் வெளியான ஃபிரான்சிஸ் காட்வினின் கதையில் வரும் டொமிங்கோ கொன்சாலெஸ் வாள்சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஸ்பெயினை விட்டு ஓடிய ஆள். ஜூல்ஸ் வெர்னின் பீரங்கிக் கழகத்தாருக்குக் கடன் இல்லை. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்துபோய்ச் சுடுவதற்கு யாரும் இல்லையே என்ற ஏக்கம் இருந்தது. கையில் காசும் மனத்தில் நிம்மதியும் உள்ளவர் உள்ளூரிலேயே இருந்து நிலாவைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நியாயம். கீழே வரும் குறிப்புகள் ஏறத்தாழ 1,800 ஆண்டு அனுபவத்திலிருந்து திரட்டியவை. அதைத் தந்தவர்களில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

நாள் பார்ப்பது

நம் வீடுகளில் கிரகண நேரத்தில் வாசல்படி தாண்டக் கூடாது என்பார்கள். யோகான்னஸ் கெப்ளர் கணக்குப்படி புறப்படத் தோதான நேரமே அதுதான். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். அவர் இறந்த பின் 1634இல் வெளிவந்த ‘சோம்னியம்’, அதாவது ‘கனவு’, என்ற சிறு நூலில் மனிதர்களை நிலாவுக்குத் தூக்கிப் போவது பேய்கள். பேய்களுக்கு வெயில் ஆகாது. ஆகவே பூமியின் நிழல் நிலாவைத் தொடும் நேரத்தில் அந்த நிழல் வழியாகவே போய்ச் சேர வேண்டும். நாலு மணி நேரத்தில் நிலா. பேயாக இருந்தாலும் கால அட்டவணை உண்டு. கெப்ளர் கணக்கு வாத்தியார் அல்லவா?

பேயை நம்பாதவர்கள் வெர்னிடம் போகலாம். ‘பூமியிலிருந்து நிலவுக்கு’ (1865) நாவலில் குண்டு வெடிக்க வேண்டிய நேரம் டிசம்பர் 1, இரவு 10 மணி 46 நிமிடம் 40 விநாடி. அந்தச் சமயத்தில் வெடித்தால்தான் நிலா பூமிக்கு மிக அருகிலும் நேர் தலைக்கு மேலும் ஒருசேர வரும்போது போய்ச் சேர முடியும். தவறவிட்டால் அடுத்த முகூர்த்தம் 18 ஆண்டும் 11 நாளும் கழித்து. பெண் வீட்டார் தாமதம் என்ற சாக்கெல்லாம் இங்கே எடுபடாது.

ஆள் எடுப்பது

இதிலும் கெப்ளரே கண்டிப்பானவர். குண்டானவர்கள் வேண்டாம், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் வேண்டாம், மென்மையான உடம்புக்காரர்கள் வேண்டவே வேண்டாம். குதிரைமேலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள், தூரதேசத்துக்குக் கப்பலேறிக் காய்ந்த ரொட்டியும் பூண்டும் கருவாடும் தின்று பழகியவர்கள் வரலாம். தன் நாட்டவரான ஜெர்மானியர்களே சரிப்படமாட்டார்கள் என்று தள்ளிவிட்டார். எல்லாரையும்விடப் பொருத்தமானவர்கள் என்று அவர் தேர்ந்தெடுத்தது, உடல் வற்றிச் சுருங்கிய கிழவிகளை. நிலாவில் பாட்டி உட்கார்ந்து வடை சுடுகிறாள் என்று நாம் சொல்லிவருவதற்கு ஐரோப்பாவிலிருந்து இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

வாகனம்

பொதுவிதி: உங்கள் காலத்தில் எது புதுமையோ, எது கைக்கெட்டுமோ, அதில் ஏறுங்கள்.

இரண்டாம் நூற்றாண்டில் கப்பல்தான் இருந்தது. ஆகவே கிரேக்க மொழியில் எழுதிய சிரியாக்காரர் லூசியன், ஒரு சூறாவளியை வரவழைத்துக் கப்பலையே தூக்க வைத்தார். ஏழு பகல் ஏழு இரவு காற்றில் மிதந்து எட்டாம் நாள் நிலாவில் கரை தட்டியது. செலவு கிடையாது; புயல் சின்னத்துக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஒன்றரை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு காட்வின் பறவைகளைப் பிடித்தார். கன்சா என்ற காட்டு அன்னங்கள். செயின்ட் ஹெலினா தீவில் குஞ்சாகப் பிடித்து, வெள்ளைத் துணியைக் காட்டினால் பறந்து வரும்படி பழக்கி, கயிறும் கப்பியும் பூட்டி, நடுவில் ஒரு கட்டையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒரே சங்கடம், அன்னங்களுக்கும் சொந்தத் திட்டம் உண்டு. வலசை போகும் பருவம் வந்ததும் கொன்சாலெஸை இழுத்துக்கொண்டு அவை நிலாவுக்கே போய்விட்டன. பயணம் பதினொன்று பன்னிரண்டு நாள். குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன என்று ஐரோப்பாவில் யாருக்கும் சரியாகத் தெரியாத காலம். நிலாவுக்குத்தான் போகின்றன என்று பின்னாளில் ஒருவர் கட்டுரையே எழுதினார்.

சிக்கனமான வழி பனித்துளி. சைரனோ த பெர்ஜராக்கின் கதையில் (அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1657இல் வெளியானது) செய்முறை தெளிவாக இருக்கிறது. விடியற்காலையில் புல்லில் இருக்கும் பனியைச் சிறு குப்பிகளில் நிரப்புங்கள். குப்பிகளை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறட்டும். சூரியன் பனியைத் தன்னிடம் இழுக்கும், பனியோடு நீங்களும். சைரனோ மேலே போனார், போனார், இழுப்பு மட்டுமீறிப் போய்விட்டது. பதறிப்போய்க் குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்தார். மெல்ல இறங்கினார். இறங்கிய இடம் பாரீஸ் என்று நினைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் அது கனடா. அவர் மேலே இருந்த நேரத்தில் பூமி கீழே சுழன்றுவிட்டது. பூமி சுழல்கிறது என்று சொன்னதற்காக கலிலியோவை 1633இல் மண்டியிட வைத்த கதை மறக்காத காலத்தில், சைரனோ அதை ஒரு டஜன் குப்பி விளையாட்டில் சொல்லிவிட்டுப் போனார்.

கனடாவில் அவர் கட்டிய இரண்டாவது வாகனத்துக்குச் சிப்பாய்கள் திருவிழாவுக்காக வாணங்களைக் கட்டிப் பற்ற வைத்தார்கள். நிறுத்தப் பாய்ந்து ஏறியவர் அதிலேயே மாட்டிக்கொண்டார். வாணங்கள் அடுக்கடுக்காக எரிந்து தீர்ந்தன, வாகனம் விழுந்தது, ஆள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தார். காரணம், முன்பு அடிபட்ட இடங்களில் பூசியிருந்த மாட்டு எலும்பு மஜ்ஜை. தேய்பிறை நிலா மஜ்ஜையை உறிஞ்சும் என்பது அந்நாள் நம்பிக்கை. அடுக்கு ராக்கெட்டில் மனிதன் கிளம்பும் காட்சி இலக்கியத்தில் முதன்முதலில் தோன்றிய இடமாக இதைச் சொல்கிறார்கள். அதை எழுதியவருக்கே ராக்கெட்மேல் நம்பிக்கை இல்லை, மஜ்ஜையை நம்பினார்.

வசதி உள்ளவர்களுக்கு வெர்னின் பீரங்கி. ஃபிளாரிடாவில் தரையில் 900 அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதையே குழாயாக வார்த்து, நான்கு லட்சம் பவுண்டு வெடிபஞ்சைத் திணித்து, மேலே அலுமினியக் குண்டுக்குள் மூன்று ஆள். நாடு நாடாக வசூல் நடந்து 54 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இங்கிலாந்து ஒரு செல்லாக் காசும் போடவில்லை. அதிர்ச்சியைத் தாங்கக் குண்டின் அடியில் மூன்றடி ஆழம் தண்ணீர் தேக்கினார்கள். முன்னதாகச் சோதனையும் செய்தார்கள்: ஒரு பூனையையும் ஒரு அணிலையும் வெடிகுண்டுக் கூட்டில் வைத்துக் கடலுக்கு மேல் சுட்டார்கள். திறந்து பார்த்தால் பூனை சௌக்கியம். அணிலைக் காணவில்லை. பூனை சாப்பிட்டுவிட்டிருந்தது.

சோதனை வெற்றி என்று கிளம்பிவிடாதீர்கள். விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை 900 அடிக்குள் எட்ட வேண்டுமானால், 60 கிலோ ஆள் அந்தக் கணத்தில் ஆயிரம் டன்னுக்கு மேல் கனப்பார். மூன்றடித் தண்ணீர் உங்கள் மிச்சத்தைக் கழுவிவிட உதவும்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு வெல்ஸின் கேவோரைட். பெட்ஃபர்டின் கூட்டாளி கேவோர் கண்டுபிடித்த, புவியீர்ப்பைத் தடுக்கும் உலோகம். கண்ணாடியும் எஃகும் கலந்த உருண்டையில் அதைச் சுருள்திரைபோல் மாட்டி, வேண்டிய பக்கம் இழுத்துவிட்டால் போதும். நான் பௌதிகத்தை வைத்து அனுப்பினேன், இந்த ஆள் இல்லாத உலோகத்தை வைத்து அனுப்புகிறாரே என்று முதிய வெர்ன் முணுமுணுத்தார். எங்கே அந்த உலோகம், காட்டட்டும் என்றார். ஆளைக் கூழாக்கும் பீரங்கிக்காரருக்கு இந்தக் கோபம் கொஞ்சம் அதிகம்.

மூட்டை முடிச்சு

கட்டுச்சோறு உங்கள் வீட்டிலிருந்தே போகட்டும். கொன்சாலெஸுக்கு வழியில் சந்தித்த குட்டிச்சாத்தான்கள் இறைச்சி, ரொட்டி, ஒயின் எல்லாம் கட்டிக் கொடுத்தன. நிலாவில் இறங்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த இலையும் ஆட்டு மயிரும் சாணமும். வெர்னின் பிரெஞ்சுக்காரர் மிஷேல் அர்தான் யாருக்கும் சொல்லாமல் அரை டஜன் கோழியும் ஒரு சேவலும் ஏற்றிவிட்டார். விண்வெளியில் முதல் சத்தம் கொக்கரக்கோ. படிக்க ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பது கேவோரின் யோசனை. அவர் ஷேக்ஸ்பியர் முழுத்தொகுப்பு எடுத்தார், பெட்ஃபர்ட் துணுக்குப் பத்திரிகை எடுத்தார். யார் விஞ்ஞானி, யார் கடன்காரர் என்று இதிலேயே தெரியும்.

வழியில்

தூங்கிவிடாதீர்கள். ஹான்ஸ் ஃபால் தன் கூடையைக் காற்றுப் புகாத ரப்பர் பையால் மூடி, வெளியே உள்ள மெல்லிய காற்றை ஒரு கருவியால் அடர்த்தியாக்கி உள்ளே விட்டுக்கொண்டான். மணிக்கு ஒரு தடவை அதைச் செய்யாவிட்டால் மூச்சு முட்டிவிடும். தனி ஆள், 19 நாள் பயணம், தூங்காமல் முடியுமா? ஒரு தண்ணீர்ப் பீப்பாயை உயரத்தில் கட்டினான். அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே ஒரு கூஜா நிரம்பும். நிரம்பச் சரியாக அறுபது நிமிடம். நிரம்பி வழியும் தண்ணீர் விழும் இடத்தில் தலையணையைப் போட்டுக்கொண்டான். மணிக்கு ஒரு தடவை முகத்தில் தண்ணீர். எழுந்து காற்றடித்துவிட்டு மறுபடி தூக்கம். கைக்குழந்தை உள்ள வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே உண்டு.

ஜன்னல் வழியாக எதையும் வெளியே போடாதீர்கள். வெர்ன் கதையில் சாட்டிலைட் என்ற நாய் அடிபட்டுச் செத்துப்போனது. சட்டென்று ஜன்னலைத் திறந்து உடலை வெளியே தள்ளினார்கள். அடுத்து வெளியே பார்த்தபோது, குண்டுக்குப் பக்கத்திலேயே நாயும் வந்துகொண்டிருந்தது. விண்வெளியில் காற்று இல்லை, தடுக்க எதுவும் இல்லை, எறிந்த பொருள் எறிந்தவருடனேயே வரும். அந்த வாக்கியத்தை நியூட்டன் எழுதியிருந்தால் பாடம். நாயை வைத்து வெர்ன் எழுதியதால் ஒரு தடவை படித்தவருக்கு மறப்பதில்லை.

போன இடத்தில்

லூசியனின் நிலாவில் தரையிறங்கியதும் மூன்று தலைக் கழுகுகள்மேல் வரும் காவல்படை உங்களைப் பிடித்து ராஜாவிடம் கொண்டுபோகும். பயப்பட வேண்டாம், அவருக்குச் சூரிய ராஜாவோடு சண்டை, விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்று. ஆள் தேவை. அங்கே பெண்களே கிடையாது, குழந்தை ஆணின் கெண்டைக்காலில் பிறக்கும். கண்ணைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தொலைத்தவர் அடுத்தவரிடம் இரவல் வாங்கிப் பார்ப்பார். சாப்பாடு, வாட்டிய தவளையின் புகை.

கவிஞர்கள் சைரனோவின் நிலாவைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே செலாவணி செய்யுள். விடுதிக்காரர் கணக்கு நீட்டினால் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நடக்கலாம். ஆனால் நாலு காலில் நடக்கும் அந்த ஊர்க்காரர்கள் இரண்டு காலில் நடப்பவரை மனிதர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சைரனோவைக் கூண்டில் அடைத்தார்கள். அந்தக் கூண்டில் துணைக்கு இருந்தவர் காட்வின் கதையின் ஸ்பானியர். கீழே தெரிவது ஓர் உலகம் என்று சைரனோ சொன்னதற்காக வழக்குப் போட்டு, தெருத்தெருவாக நிறுத்தி, அது வெறும் நிலாதான் என்று சொல்ல வைத்தார்கள். கலிலியோவை நினைத்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்திருப்பார்கள், பக்கத்தில் யார் என்று.

எந்த நிலாவானாலும் ஒரு விதி: சொந்த ஊர்ப் பெருமை பேசாதீர்கள். கேவோர் நிலாவின் பேரரசனிடம் பூமியில் நடக்கும் போர்களை விலாவாரியாக விளக்கினார். பூமிக்கு வரும் வழி தனக்கு மட்டுமே தெரியும் என்றும் உளறினார். அவர் அனுப்பிக்கொண்டிருந்த கம்பியில்லாச் செய்திகள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயின.

திரும்புவது

புளுகுக் கதைகளுக்குப் பேர்போன மன்ச்சௌசன் பிரபு வைக்கோல் கயிற்றில் இறங்கினார். நீளம் போதாதபோது மேலே உள்ள பகுதியை வெட்டிக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த படத்தில் குண்டை நிலாவின் விளிம்பிலிருந்து தள்ளிவிட்டால் தானாகக் கடலில் விழுகிறது. கொன்சாலெஸ் சீனாவில் இறங்கி மந்திரவாதி என்று பிடிபட்டார். சைரனோ இத்தாலியில் இறங்கினார். ஊர் நாயெல்லாம் அவரைச் சூழ்ந்து குரைத்தன. நிலாவைப் பார்த்துக் குரைப்பவை, நிலா வாடையோடு வந்தவரை விடுமா? மாடியில் சில மணி நேரம் வெயில் காய்ந்து வாடை போன பிறகுதான் தெருவில் நடக்க முடிந்தது.

ஊர் திரும்பிய பின்

கஷ்டம் இங்கேதான் ஆரம்பம். ஹான்ஸ் ஃபால் நிலாவிலிருந்து கடிதம் அனுப்பி, கிளம்பும்போது வெடிவைத்துக் கொன்ற மூன்று கடன்காரர்களுக்காக மன்னிப்புக் கேட்டான். அந்த நால்வரையும் இரண்டு மூன்று நாள் முன்புதான் ஊர்ப்புறச் சாராயக்கடையில் பார்த்தோம் என்று சொல்லவும் ராட்டர்டாமில் ஆள் இருந்தார்கள்.

கெப்ளரின் கதைக்குச் சிரிப்பு வராது. அவருடைய கனவில் வரும் தாய் மூலிகை விற்பவள், பேய்களை அழைக்கத் தெரிந்தவள். கைப்பிரதி அச்சேறும் முன்பே ஊரில் சுற்றியது. கெப்ளரின் சொந்தத் தாய் கத்தரீனாவும் மூலிகை தெரிந்தவர். 1615இல் அவர்மேல் சூனியக்காரி என்ற பழி விழுந்தது. 1620இல் கைதாகி 14 மாதம் சங்கிலியில் கிடந்தார். மகனே முன்நின்று வாதாடி 1621இல் மீட்டார்; மறு ஆண்டு அவர் இறந்தார். தன் கதைதான் அந்த வம்புக்கு எண்ணெய் ஊற்றியது என்று கெப்ளர் நம்பினார். பிறகு அந்தச் சிறு கதைக்கு 223 விளக்கக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார், இது கணக்கு, இது கேலி, இது வானியல் என்று ஒவ்வொன்றாக.

நேர்மாறாக நடந்ததும் உண்டு. 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் ‘சன்’ நாளேடு ஆறு தவணையாக ஒரு செய்தி வெளியிட்டது: ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஜான் ஹெர்ஷல் பெரிய தொலைநோக்கி வைத்து நிலாவில் வௌவால் மனிதர்களையும் இரண்டு காலில் நடக்கும் பீவர்களையும் கண்டாராம். ஹெர்ஷல் அங்கே இருந்தது நிஜம், மற்றதெல்லாம் புளுகு. ஊரே நம்பியது. கனவு என்று தலைப்பிட்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்ட அதே மனித புத்திதான், செய்தி என்று அச்சிட்ட புளுகையும் விழுங்கியது.

ஆகையால் அத்தாட்சியோடு திரும்புங்கள் என்று யோசனை சொல்லத் தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1969 ஜூலையில் ஃபிளாரிடாவிலிருந்து கிளம்பிப் பசிபிக் கடலில் இறங்கிய மூன்று பேர், ஹொனலூலு சுங்கத்துக்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். புறப்பட்ட இடம்: நிலா. சரக்கு: நிலாக் கல், நிலாத் தூசி. கொண்டுவந்தது மொத்தம் 21.5 கிலோ. ஆளையும் கல்லையும் சேர்த்துத் தனிமையில் பூட்டிச் சோதித்தார்கள். 1835இல் யாரும் காணாததை ஊர் நம்பியது. 1969இல் கல்லோடு வந்தவர்களை நம்பாதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இத்தனை பேரிலும் நிம்மதியாகத் தூங்கியவர் லூசியன் ஒருவர்தான். தன் நூலுக்கு ‘உண்மை வரலாறு’ என்று பெயர் வைத்து, இதில் நான் சொல்லும் ஒரே உண்மை இதெல்லாம் பொய் என்பதுதான் என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டார். நீங்களும் கிளம்புமுன் அதை எழுதி வைத்துவிடுங்கள். வாங்கிய கடன் மட்டும் உண்மை.